பல்லைப் பிடிச்சுப் பார்த்த கதை!

"எந்த ஊரும்மா?" என்று யார் கேட்டாலும், "உத்திரமேரூர்" என்று நான் சொல்லி முடிப்பதற்குள், "ஓ... குடவோலை!" என்று பதில் வந்துவிடும். ஸ்கூல் பாடப்புத்தகம் செய்த புண்ணியம்!

முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919-லும் 921-லும் வெட்டிய கல்வெட்டுகள் அவை. ஊர்ச் சபைக்கு வர நினைப்பவருக்குச் சொந்த மனை இருக்கணும், வயசு 35-க்கு மேல் 70-க்குள் இருக்கணும், கணக்கு காட்டாமல் ஓடியவர் பக்கத்திலேயே வரக் கூடாது என்று வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் பளிச்சென்று எழுதி வைத்திருக்கிறார்கள்.

சின்ன வயசில் எனக்கு ஒரு டவுட். பர்த் சர்டிஃபிகேட் இல்லாத காலத்தில் ஒருத்தருக்கு 35 வயசு ஆச்சு என்று எப்படிக் கண்டுபிடித்தார்கள்? தாத்தாவிடம் கேட்டேன். தாத்தா அந்தக் காலத்து மாட்டுத் தரகர். வெற்றிலையை ஒரு பக்கமாக ஒதுக்கிவிட்டுச் சொன்னார்.

"வேற இன்னா கண்ணு, பல்லப் புடிச்சுப் பாத்திருப்பானுங்க!"

ஜோக்கு என்று நினைத்துச் சிரித்தேன். ஆனால் எம்.எஸ்ஸி. விலங்கியல் கடைசி வருஷத்தில், என் ப்ராஜெக்ட் முழுசும் அந்த ஒரு ஜோக்கின் மேல்தான் நிற்கப் போகிறது என்று அப்போது தெரியாது.

ஏழு மண்டை, ஒரு காலிப்பர்

கிளாஸில் ஆளாளுக்கு மண்புழு, கொசு, இறால் என்று டாபிக் எடுத்துக்கொண்டு செட்டில் ஆகிவிட்டார்கள். லீவு போட்டுவிட்டு லேட்டாகப் போன எனக்குக் கிடைத்தது, டிபார்ட்மென்ட் மியூசியத்தின் மூலையில் இருந்த ஒரு கண்ணாடி அலமாரி. உள்ளே, எந்தக் காலத்திலோ சேகரித்து வைத்த ஏழு குரங்கு மண்டை ஓடுகள். "குட்டியிலிருந்து பெரிசு வரைக்கும் வரிசையா வை. மண்டையும் தாடையும் எப்படி வளருதுன்னு ஒப்பிட்டுப் பார்த்து எழுது" என்றார் கைடு மேடம்.

ஹாஸ்டலில் விஷயம் தெரிந்ததும் ஒருத்தி கேட்டாள்: "அதுக்கு எதுக்குடி மியூசியம்? கண்ணாடி முன்னாடி நின்னு அளந்துக்க வேண்டியதுதானே?" நட்பு என்றால் இதுதான்.

எல்லாமே நம்ம ஊர் நாட்டுக்குரங்கு. உச்சியில் வகிடெடுத்துத் தொப்பி போட்ட மாதிரி முடி இருக்குமே, அதேதான். தென்னிந்தியாவைச் சேர்ந்த தீபகற்பப் பகுதியைத் தவிர உலகத்தில் வேறெங்கும் இயற்கையாக இல்லாத இனம். வட இந்தியாவில் இருப்பது இதன் பெரியப்பா வீட்டுப் பிள்ளை, ரீசஸ் குரங்கு.

ஒவ்வொரு மண்டையிலும் மூணு அளவு எடுத்தேன். மூளைப்பெட்டியின் நீளம், முகத்தின் நீளம், கீழ்த்தாடையின் நீளம். முதல் நாளே ஒரு ஷாக். ரொம்பச் சின்னக் குட்டியின் மண்டையைக் கையில் எடுத்தால், அது குரங்கு மாதிரியே இல்லை. உருண்டைத் தலை, பெரிய கண்குழி, கீழே பெயருக்கு ஒரு சின்ன வாய். பக்கவாட்டில் திருப்பினால் பக்கத்து வீட்டுக் கைக்குழந்தை! அதே அலமாரியின் கடைசியில் இருந்த ஆண் குரங்கை எடுத்தால்... தாடை முன்னால் நீட்டிக்கொண்டு, கோரைப்பல் கத்தி மாதிரி வெளியே தெரிய, நிஜமாகவே பயமாக இருந்தது. இதுவா அதுவாக வளர்கிறது?

காரணம் ரொம்ப சிம்பிள். ஒரே தலைக்குள் ரெண்டு கடிகாரம் ஓடுகிறது.

மூளைப்பெட்டியின் கடிகாரம் அவசரக்காரன். ரீசஸ் குட்டி பிறக்கும்போதே அதன் மூளை, வளர்ந்த குரங்கின் மூளையில் பாதிக்கு மேல் வந்துவிட்டிருக்கும். மிச்சமும் சீக்கிரமே முடிந்துவிடும். தாடையின் கடிகாரம் நிதானமானவன். பால் பல், நிரந்தரப் பல், கோரைப்பல், கடைசிக் கடைவாய்ப்பல் என்று ஒவ்வொன்றுக்கும் இடம் ஒதுக்கிக்கொண்டே பல வருஷம் வளர்வான். அதுவும் எப்படி? கீழ்த்தாடை, காதுப் பக்கம் மேலே ஏறுகிற இடத்தில், பின்பக்கம் எலும்பு சேரும். முன்பக்கம் எலும்பு கரையும். அப்படிக் கரைந்து கிடைக்கிற இடத்தில்தான் அடுத்த கடைவாய்ப்பல் வந்து உட்காரும். வீட்டை இடிக்காமல் பின்னால் ரூம் கட்டிக்கொண்டே போகிற மாதிரி!

நாமும் அதே டிசைன்தான், வேகம்தான் வேறு. மனுஷக் குழந்தை பிறக்கும்போது அதன் மூளை, பெரியவர்கள் மூளையில் மூணில் ஒரு பங்குகூட இருக்காது. பிறந்த பிறகும் மூளை விறுவிறுவென்று வளர்கிறது; தாடை பெரிசாக முன்னால் வருவதே இல்லை. அதனால்தான் குரங்குக் குட்டியின் முகம் நமக்குச் சொந்தக்காரப் பிள்ளை மாதிரி தெரிகிறது. பாவமாக இருக்கிறது என்று பிஸ்கட்டை நீட்டுகிறோம். இந்த பிஸ்கட் விஷயத்துக்குக் கொஞ்சம் பொறுத்து வருகிறேன்.

ரெண்டு பல்லு, நாலு பல்லு

மண்டையை வரிசையாக வைத்தாச்சு. ஆனால் எது என்ன வயசு? அலமாரி லேபிளில் பெயர் மட்டும்தான் இருந்தது. அப்போதுதான் தாத்தா ஞாபகத்துக்கு வந்தார்.

சந்தையில் தாத்தா மாட்டின் கீழுதட்டை விரலால் இழுத்துப் பார்ப்பார். ஒரு செகண்டுதான். "ரெண்டு பல்லு" என்பார். ரெண்டு வயசு தாண்டியாச்சு என்று அர்த்தம். நாலு பல், ஆறு பல், அப்புறம் "கடை சேர்ந்துருச்சு". மாடு விற்கிறவர் எத்தனை சத்தியம் பண்ணினாலும் பல்லு பொய் சொல்லாது.

குரங்குக்கும் அதே கதைதான். பால் பல் இருபது, நமக்கு இருக்கிற மாதிரியே. நிரந்தரப் பல் முப்பத்திரண்டு, அதுவும் நமக்கு இருக்கிற மாதிரியே! முதல் நிரந்தரக் கடைவாய்ப்பல் மனுஷப் பிள்ளைக்கு ஆறு வயசு வாக்கில் முளைக்கும். ரீசஸ் குரங்குக்கு ஒன்றரை வயசுக்குள்ளேயே எட்டிப் பார்த்துவிடும். சிம்பன்சிக்கு ரெண்டுக்கும் நடுவில், மூணு வயசுக்கு மேல். மூளை பெரிசாக ஆக, பல் முளைப்பது தள்ளிப்போகிறது. இதைப் பல குரங்கினங்களை ஒப்பிட்டு 1989-ல் எடுத்துக் காட்டியவர் ஹோலி ஸ்மித் என்ற அமெரிக்க ஆய்வாளர்.

இந்தப் பல் கணக்கு சாதாரண விஷயமில்லை. 1924-ல் தென்னாப்பிரிக்காவின் டாங் என்ற ஊரில் சுண்ணாம்புக்கல் குவாரியில் ஒரு குழந்தையின் மண்டை ஓடு கிடைத்தது. ரேமண்ட் டார்ட் அதை ஆராய்ந்து, மனிதனின் மூதாதையர் வரிசைக்கு நெருக்கமான உயிரினம் என்று 1925-ல் அறிவித்தார். அதன் வாயில் முதல் நிரந்தரக் கடைவாய்ப்பல் அப்போதுதான் வந்திருந்தது. "மனுஷக் கணக்குப்படி ஆறு வயசு" என்றார்கள். அறுபது வருஷம் கழித்து, பல் எனாமலில் இருக்கும் வளர்ச்சிக் கோடுகளை எண்ணிப் பார்த்தபோது, அந்தக் குழந்தைக்கு நாலு வயசுகூட நிரம்பவில்லை என்று தெரிந்தது. நம் கடிகாரத்தை வைத்து அடுத்தவன் வயசைச் சொன்னால் இப்படித்தான்!

நானும் தாத்தா மாதிரி ஒவ்வொரு வாயாகப் பார்த்து டேபிள் போட்டேன். முதல் மூணு மண்டையிலும் பால் பல் மட்டும். நாலாவது, ரெண்டாவது கடைவாய்ப்பல்லும் முளைத்துப் பெரிய பிள்ளையாகிவிட்டது. மிச்ச மூணும் முழு வளர்ச்சி. நடுவில் ஒரு பெரிய ஓட்டை. முதல் கடைவாய்ப்பல் முளைக்கிற அந்த வயசில், அதாவது மூளை அநேகமாக வளர்ந்து முடித்து, தாடை தன் ஆட்டத்தை ஆரம்பிக்கிற அந்த இடத்தில், என்னிடம் ஒரு மண்டைகூட இல்லை. படம் பார்க்கப் போய் இன்டர்வெல் சீனை மட்டும் கோட்டைவிட்ட மாதிரி.

அறிவுப் பல்லும் பிஸ்கட்டும்

இந்த நேரம் பார்த்து எனக்கு அறிவுப் பல் முளைக்க ஆரம்பித்தது. முளைத்தது என்று சொல்வதைவிட, இடமில்லாமல் பக்கத்துப் பல்லை இடித்தது என்று சொல்லணும். கன்னம் வீங்கி ஊருக்குப் போனேன். ஆயா என் வாயைப் பார்த்துவிட்டு, "கரும்ப மிக்ஸில அடிச்சுக் குடிச்சா பல்லுக்கு எங்கடி எடம் வரும்?" என்றாள். எழுபது வயசில் முறுக்கைக் கடக் முடக் என்று கடிக்கிற ஆயா, பல் வரிசை ஒரு இன்ச் கோணல் இல்லை.

பெரியவங்க புலம்பல் என்று நினைத்தேன். லைப்ரரியில் தேடினால் ஆயாவுக்கு ஆதரவாக ஆட்கள் இருக்கிறார்கள்! 1981-ல் பூவியே, ஹைலண்டர் என்ற ரெண்டு பேர் வளரும் ரீசஸ் குரங்குகளை ரெண்டு குரூப்பாகப் பிரித்து, ஒன்றுக்குக் கடினமான தீனி, இன்னொன்றுக்கு மெத்தென்ற தீனி கொடுத்துப் பார்த்தார்கள். கடித்து மென்று சாப்பிட்டவற்றுக்குத் தாடை எலும்பு ஆழமாக, கெட்டியாக வளர்ந்திருந்தது. 1983-ல் ராபர்ட் கொருச்சினி என்பவர் இந்திய ஆய்வாளர்களோடு சேர்ந்து, சண்டிகர் பக்கத்துக் கிராமத்துப் பிள்ளைகளின் பல் வரிசையையும் நகரத்துப் பிள்ளைகளின் பல் வரிசையையும் ஒப்பிட்டார். கோணல் பல் அதிகம் இருந்தது நகரத்தில்தான். எலும்பு செத்த கல் இல்லை. வேலை கொடுத்தால் வளரும். நம்ப முடியாவிட்டால் நெற்றிப்பொட்டில் ரெண்டு விரலை வைத்துக்கொண்டு பல்லைக் கடித்துப் பாருங்கள். தாடையை இழுக்கிற தசை அங்கே புடைக்கும். தலை வரைக்கும் ஏறியிருக்கிற வேலைக்காரன் அவன்.

அவ்வளவுதான், எனக்கு ஐடியா பிய்த்துக்கொண்டு வந்தது. எங்கள் ஊர் குரங்குகள் புளியங்காய், ஆலம்பழம், பூச்சி, இலை என்று மென்ற காலம் போய், பொங்கல், பன், கிரீம் பிஸ்கட் என்று வாழ்கின்றன. ஆக, 'மனிதர்கள் தரும் உணவால் நாட்டுக்குரங்குகளின் தாடை சுருங்கி வருகிறது' என்று முடிவுரையில் எழுதினேன். அடிக்கோடு வேறு போட்டேன். நோபல் பரிசு வாங்க எந்தப் புடவை கட்டுவது என்பதுதான் பாக்கி.

மேடம் படித்துவிட்டுக் கேட்டது ஒரே கேள்வி.

"உன்கிட்ட பிஸ்கட் தின்ன குரங்கோட மண்டை எத்தனை இருக்கு?"

"ஒண்ணுகூட இல்ல மேடம்..."

சிவப்பு மை. ஒரே கோடு. அந்தப் பக்கம் முழுசும் போச்சு. "உனக்குப் பிடிச்ச பதிலுக்காக எலும்பு வளராதும்மா" என்றார்.

ஆலமரத்தடி

எங்கள் தெருமுனையில் பஸ் நிறுத்தம். அங்கே ஒரு குரங்குக் கூட்டம் உண்டு. அதில் ஒரு குட்டிக்கு என்னைத் தெரியும். தெரியும் என்றால், என் ஹேண்ட்பேகைத் தெரியும். ஒவ்வொரு வாரக் கடைசியிலும் செங்கல்பட்டு பஸ்ஸிலிருந்து இறங்கினதும் ஒரு பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்து அதற்குக் கொடுப்பேன். ரெண்டு கன்னத்துப் பையிலும் அடைத்துக்கொண்டு, தாடை வீங்கின என்னைப் போலவே பார்க்கும். நான் பழக்கினதில் அது கெட்டிக்காரனாகிவிட்டது. பஸ், வேன், பைக் எது நின்றாலும் சாப்பாடு என்று ரோட்டுக்கு ஓடி வர ஆரம்பித்தது.

ஒரு சனிக்கிழமை நான் இறங்கும்போது ரோட்டோரம் கூட்டம். லோடு வேன் ஒன்று அடித்துவிட்டுப் போயிருந்தது. தலையில் காயம் எதுவும் இல்லை. தூங்குகிற மாதிரி இருந்தது. தாய்க் குரங்கு மதில் மேல் உட்கார்ந்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்தது.

என்ன செய்தேன் தெரியுமா? அழவில்லை. முதலில் குனிந்து அதன் உதட்டை விரலால் இழுத்துப் பார்த்தேன், தாத்தா மாதிரியே. கீழே முதல் கடைவாய்ப்பல் வந்துவிட்டிருந்தது. மேலே ஈறைக் கிழித்துக்கொண்டு இப்போதுதான் எட்டிப் பார்க்கிறது. ஒன்றரை வயசு. என் டேபிளில் இல்லாத, நான் மாசக்கணக்கில் தேடின, அதே வயசு!

அந்த ஒரு நொடி எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இதை எழுதுவதற்குக் கை கூசுகிறது. ஆனால் இருந்தது.

வனத்துறைக்குத் தகவல் போய், ஒருவர் வந்து பார்த்து எழுதிக்கொண்டு போனார். அப்புறம் ஊர்க்காரர்கள் அதை ஆஞ்சநேயராகவே நினைத்து மஞ்சள் தண்ணீர் ஊற்றி, புதுத்துணி சுற்றி, மாலை போட்டு, ஆலமரத்தடியில் குழி வெட்டிப் புதைத்தார்கள். ஆயா கற்பூரம் ஏற்றினாள். பிஸ்கட் பாக்கெட் என் பைக்குள்ளேயே இருந்தது. அன்றைக்கு யார் அதை ரோட்டுக்குக் கூப்பிட்டார்களோ தெரியாது. ரோட்டுக்கு வரப் பழக்கினது யார் என்று எனக்குத் தெரியும்.

ஹாஸ்டலில் ஃப்ரெண்ட் யோசனை சொன்னாள். "கொஞ்ச மாசம் போனா எலும்பு மட்டும்தான் இருக்கும். ராத்திரி தோண்டி எடுத்துக்கோ. யாருக்குத் தெரியப் போகுது?" இன்னொருத்தி இன்னும் ஈசியான வழி சொன்னாள். "மூணாவது மண்டைக்கும் நாலாவதுக்கும் நடுவுல ஒரு நம்பரைப் போட்டுடு. வளைகோடு அழகா வரும்."

மேடமிடம் முதல் யோசனையை மட்டும், பட்டும் படாமல் கேட்டேன். 1972-ம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, செத்துக் கிடக்கிற காட்டு விலங்குகூட அரசாங்கத்தின் சொத்து, அனுமதி இல்லாமல் ஒரு எலும்பைக்கூட எடுக்கக் கூடாது என்றார். "வேணும்னா வனத்துறைக்கு முறைப்படி எழுது. நான் கையெழுத்துப் போடறேன்."

லெட்டர் டைப் பண்ணி வைத்தேன். அடுத்த வாரம் ஊருக்குப் போனேன். ஆலமரத்தடியில் நாலு செங்கல் வைத்து, குங்குமம் தடவி, ஆயா விளக்கு ஏற்றியிருந்தாள். பக்கத்தில் தாத்தா உட்கார்ந்திருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் கேட்டது இதுதான்:

"வாயப் பாத்துட்டேல்ல?"

"பாத்துட்டேன் தாத்தா."

"அப்புறம் இன்னாத்துக்குத் தோண்டணும்? நான் எத்தினி மாட்டப் பாத்திருக்கேன்... எல்லாத்தையும் வூட்டுக்கா ஓட்டியாந்தேன்?"

லெட்டரை நான் அனுப்பவில்லை.

காலியான வரி

வைவா அன்றைக்கு வெளியிலிருந்து வந்த எக்ஸாமினர் என் டேபிளைப் புரட்டினார். மூணாவது மண்டைக்கும் நாலாவதுக்கும் நடுவில் ஒரு வரி. மூணு கட்டமும் காலி. வளைகோடும் அந்த இடத்தில் அறுந்து நிற்கிறது.

"இது என்னம்மா, பிரின்ட் ஆகலையா?"

"இல்ல சார். அந்த வயசு மண்டை என்கிட்ட இல்ல. அது... எங்க ஊர் ஆலமரத்தடியில இருக்கு."

எல்லாவற்றையும் சொன்னேன். பிஸ்கட் உட்பட. குரல் கொஞ்சம் உடைந்தது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"முதல் கடைவாய்ப்பல் வந்திருந்ததா?"

"கீழ வந்துருச்சு சார். மேல பாதி."

"அப்போ அதைப் பார்த்திருக்கே இல்ல? அளவுதான் இல்ல. பார்த்ததைப் பார்த்ததா எழுது. அளக்காததைக் காலியா விடு."

அங்கேயே பேனாவால் எழுதினேன். 'ஆண். முதல் கடைவாய்ப்பல்: கீழே முளைத்தது, மேலே முளைத்துக்கொண்டிருந்தது. ஏறக்குறைய ஒன்றரை வயது. அளக்கப்படவில்லை.' எங்கள் மியூசியத்தில் அந்த ப்ராஜெக்ட் இன்றும் இருக்கிறது. அந்தப் பக்கம் மட்டும் கையெழுத்தில்.

அறிவுப் பல்லைப் பிடுங்கியாச்சு. அறிவு வந்ததா என்று தெரியவில்லை, ஆனால் ஊருக்குப் போகும்போது இப்போதும் பஸ் நிறுத்தத்தில் குட்டிகள் ஓடி வருகின்றன. அதே உருண்டைத் தலை, அதே பெரிய கண், அதே பக்கத்து வீட்டுப் பாப்பா முகம். பார்த்தால் கை தானாகப் பைக்குள் போகிறது. அந்தத் தாடை இன்னும் வளர வேண்டிய தாடை. அதற்கு வேலை வேணும், புளியங்காய் வேணும், ஆலம்பழம் வேணும், அதற்கெல்லாம் முதலில் உயிர் வேணும் என்று நினைத்துக்கொண்டு, பையின் ஜிப்பை இழுத்து மூடிவிடுகிறேன்.

நீங்களும் மூடிக்கோங்க, ப்ளீஸ்!